பாட்டிலில் வந்த மக்கு: ஒரு தஞ்சாவூர்ப் படமும் அதற்காகச் செய்த கருவிகளும்

சீர்செய்யச் சொன்ன படம் என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து சேர்ந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே மக்குத் துண்டுகள், மூன்று சிவப்புக் கல், ஒரு வெள்ளைக் கல், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டிய நொறுக்குகள். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறி, சாமி படத்திலிருந்து உதிர உதிர அந்த வீட்டுப் பாட்டி பொறுக்கிச் சேர்த்தவை. எண்ணிப் பார்த்தால் கற்கள் போக 41 துண்டு. இப்படிப் பத்திரப்படுத்துகிற வீடுகள் குறைவு. பெரும்பாலும் பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

தஞ்சாவூர்ப் படத்தில் நகை, தூண், திரைச்சீலை எல்லாம் புடைத்து நிற்பதற்காகச் சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்து ஏற்றுகிற பூச்சுதான் மக்கு. (பள்ளிக்கூடத்தில் வாங்கிய மக்கு வேறு.) அதன் மேல் கல் பதித்து ரேக்கு ஒட்டுவார்கள்.

பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் போர்ட்லாண்ட் ஜாடி ஞாபகம் வந்தது. ரோமானியர் காலத்துக் கண்ணாடி ஜாடி அது. 1845 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒருவன் அதை உடைத்துவிட்டான். ஜான் டபுள்டே என்பவர் ஒட்டிச் சேர்த்தார். ஆனால் 37 சில்லுகளுக்கு இடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவை எங்கோ ஒரு பெட்டியில் கிடந்து, 1948இல்தான் மியூசியத்துக்குத் திரும்பின. நூறு வருடம் கழித்துத் திரும்பியபோதும் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்களே, அதுதான் பெரிய விஷயம்.

படமும் அதன் கேடும்

நவநீத கிருஷ்ணன். கையில் வெண்ணெய், இரு பக்கமும் தூண், மேலே தொங்கும் திரை. 24 அங்குலத்துக்கு 18 அங்குலம். பலாப் பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, துணியின் மேல் வெள்ளைப் பூச்சு, பிறகு மக்கு, கல், ரேக்கு, கடைசியில் வண்ணம். பாட்டியின் மாமியாருக்குச் சீராக வந்த படம் என்று வீட்டில் சொன்னார்கள். பூஜை அறையில் விளக்குக்கு நேர் மேலே மாட்டியிருந்ததால் மேல்பாதி முழுக்க எண்ணெய்ப் புகை படிந்திருந்தது. கீழ்ப்பாதியில் ஓதம். கீழ் விளிம்பில் பூச்சு துணியை விட்டு எழும்பி அப்பளம் போல நின்றது. போதாததற்கு, எப்போதோ ஒருவர் ரேக்கு போன இடங்களில் பெயின்ட் கடைத் தங்கப் பெயின்ட்டைத் தடவியிருந்தார். அந்தப் பெயின்ட்டில் இருப்பது தங்கமில்லை, பித்தளைத் தூள். அது கறுத்துப் பச்சை ஓடியிருந்தது.

சட்டத்தைக் கழற்றினால் அடுத்த சிக்கல். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பாதத்தின் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் தூக்கினால் பாதம் கூடவே வந்துவிடும். இந்த வேலைக்கென்று மெல்லிய எஃகுத் தகடுகள் விற்கிறார்கள். என்னிடமும் இரண்டு உண்டு. ஆனால் எஃகு உள்ளே போகும்போது வண்ணத்தைச் சீவினாலும் கைக்குத் தெரியாது. அதனால் பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை எடுத்து, நாக்கு வடிவத்தில் வெட்டி, விளிம்பை மிக நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டேன். வழியில் ஏதாவது இடித்தால் அது வளையும். வளைவது கண்ணாடி வழியே கண்ணுக்கே தெரியும். உடனே நிறுத்திவிடலாம். ஒரு பக்கத்திலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நுழைத்து, கண்ணாடியை விடுவிக்க ஒரு காலை நேரம் முழுக்கப் போனது.

இந்தத் தொழிலில் கருவி வாங்கும்போதும் செய்யும்போதும் நான் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்: இடித்துக் கொண்டால் முதலில் எது தோற்கும்? கருவி தோற்க வேண்டும். வளையட்டும், மழுங்கட்டும், முனை முறியட்டும். படம் தோற்றால் அது நல்ல கருவி இல்லை, என்ன விலை கொடுத்திருந்தாலும் சரி.

தட்டிக் கேட்டது

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் இதையும் தட்டிப் பார்க்க வேண்டும். விரல் நகம் போதும். குறுகலான இடங்களில் பிரஷ் கைப்பிடியின் நுனி. பூச்சு துணியோடு ஒட்டியிருந்தால் ‘டக்’ என்று அடங்கிய சத்தம். விட்டிருந்தால் உள்ளே பொள்ளலாக ஒரு சத்தம். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும், அதனால் விடியற்காலையில் செய்தேன். மேலே தொடாமல் நிறுத்திய ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளில் பொள்ளல்களை மார்க்கரால் வட்டமிட்டேன். 23 இடம்.

அப்புறம் டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில் வைத்து அடித்தால் எழும்பிய இடமெல்லாம் நிழல் விழுந்து தெரிந்தது. புற ஊதா டார்ச்சில் பிற்காலத்துப் பூச்சு கறுப்புக் கறுப்பாகத் தனித்துத் தெரிந்தது.

அடுத்த கேள்வி, இது எதில் கரையும்? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கி, செப்புத் திருமேனிகளைத் தின்னும் பச்சை நோய்க்கு மின்பகுப்பு முறையில் வைத்தியம் பார்த்த எஸ். பரமசிவன், பிற்பாடு தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் சோதித்ததும் இது போன்ற கேள்விக்காகத்தான். எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஈரப்பஞ்சைக் கூடக் கொண்டு போகக் கூடாது. இங்கே சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பில் சோதித்தேன். வண்ணத்துக்கும் மக்குக்கும் கோந்துதான் பசை. தண்ணீர் பட்டால் இளகும். பெயின்ட்டைக் கரைக்கும் அசிட்டோனிலோ ஒயிட் ஸ்பிரிட்டிலோ கோந்து கரையாது. பார்ப்பதற்கு நேர்மாறு: வாசனையே ஆளைத் தூக்கும் அசிட்டோன் இந்தப் படத்துக்குச் சாது. குடிக்கிற தண்ணீர்தான் எதிரி.

ஊசியும் மூங்கிலும்

பொள்ளலான இடங்களை ஒட்டவைப்பதுதான் முதல் வேலை. உலகம் முழுக்கப் பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் நம்புகிற பசை பாரலாய்ட் பி-72. அக்ரிலிக் வகை, பல பத்தாண்டுகள் ஆனாலும் மஞ்சளாகாது, வேண்டும்போது கரைத்து எடுத்துவிடலாம். ஆனால் ஏறத்தாழ 40 டிகிரியில் இளகத் தொடங்கும். லண்டனில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தப் படத்தின் வீடு கும்பகோணத்தில். மே மாத மத்தியானம், மேற்குச் சுவர், கீழே எரியும் விளக்கு. வேண்டாம் என்று முடிவு செய்து, மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் பசையை நீர்க்கக் காய்ச்சிக் கொண்டேன். நம்மூர்த் தச்சர்களின் வச்சிரப் பசைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் அதைவிட நெகிழ்வானது.

உள்ளே செலுத்த முதலில் எடுத்தது சிவப்பு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்சு. மருந்துக்கடையில் கேட்ட உடனே கிடைக்கும், அளவுக் கோடும் துல்லியம். ஊசிதான் ரொம்ப மெலிது, பசை பாதியில் உறைந்து அடைத்துக் கொண்டது. ஒரு மில்லி சிரிஞ்சில் பழுப்பு நிற அடி கொண்ட 26ஆம் எண் ஊசியை மாட்டியதும் ஓடியது. ஆனால் ஊசியின் சாய்வான கூர்முனை தோலைக் கிழிப்பதற்காகச் செய்யப்பட்டது, துணியையும் அப்படியே கிழிக்கும். எண்ணெய்க் கல்லில் முனையை மட்டமாகத் தேய்த்து, உள் துவாரத்தில் மெல்லிய கம்பி விட்டுத் துகளை எடுத்தேன். இப்போது குத்தாது, விரிசல் வழியாகத் தடவிக் கொண்டு போகும்.

முதலில் ஒரு துளி ஆல்கஹால் கலந்த நீர். அது முன்னால் ஓடி வழி காட்டும். இல்லாவிட்டால் பசை வாசலிலேயே முத்தாக நின்றுவிடும். பின்னாலேயே பசை. விரிசலின் வாயில் கூராக வெட்டிய மைஒற்றுத் தாளைப் பிடித்துக் கொண்டே செலுத்த வேண்டும். வெளியே கசிவது வண்ணத்தில் படுவதற்குள் தாள் குடித்துவிடும்.

பசை பிடிக்கும்வரை அழுத்தம் வேண்டும். மக்கு மேடும் பள்ளமுமாக இருப்பதால் தட்டையான எடை வைக்க முடியாது. ஆற்று மணலைச் சலித்து, கழுவி, காயவைத்து, நெருக்கமாக நெய்த காட்டன் பைகளில் 50, 100, 200 கிராமாகக் கட்டி வைத்திருக்கிறேன். மேட்டில் மடிந்து பள்ளத்தில் உட்காரும். உதவிக்கு வந்த பெண் ஒருமுறை மணலுக்குப் பதில் கேழ்வரகு போடலாமே, மெத்தென்று இருக்குமே என்று கேட்டார். இருக்கும்தான், கூடவே வண்டும் வரும். தானியத்தைச் சாப்பிட வருவது பலகையையும் ருசி பார்க்கும்.

ஆனால் தூணின் ஓரத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே, சுண்டு விரல் நகமளவு இடம் ஒன்று. பை வைத்தால் கல்லின் மேல்தான் உட்காரும். ஜப்பானில் அரக்குப் பாத்திரம் சரிசெய்கிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் வழி ஷிம்பாரி. நான்கு காலும் மேலே ஒரு கூரையும் உள்ள மரச் சட்டத்துக்குள் பொருளை வைத்து, மூங்கில் சிம்பை வில்லாக வளைத்து, ஒரு முனை கூரையில், மறு முனை அழுத்த வேண்டிய புள்ளியில். மூங்கில் நிமிரப் பார்க்கும், அந்தத் தவிப்புதான் அழுத்தம். சிம்பின் கனத்தையும் வளைவையும் மாற்றி அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சட்டத்தைத் தச்சரிடம் செய்து கொண்டேன். சிம்புகளைக் கூடை முடைகிறவரிடம் வாங்கினேன். கூடைக்குச் சீவும் சிம்பு ஒரே சீரான கனத்தில் இருக்கும், எந்த மியூசியக் கடையிலும் அப்படிக் கிடைக்காது. முனைக்கு ஒரு சின்னக் கார்க் துண்டு, அதற்கு அடியில் சிலிக்கோன் பூசிய பிளாஸ்டிக் தாள். ஒரே நேரத்தில் ஏழு எட்டுச் சிம்பு வளைந்து நிற்கும்போது பார்த்தால் கிருஷ்ணன் குடிசைக்குள் படுத்திருப்பது போலிருந்தது.

பஞ்சு

எண்ணெய்ப் புகையை எடுப்பது எல்லாவற்றையும்விட நீளமான வேலை. கருவி, ஒரு குச்சியும் கொஞ்சம் பஞ்சும். காது குடையும் பட்ஸ் வாங்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதன் பஞ்சைப் பசை வைத்து இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக் குச்சியாக இருந்தால் சில கரைப்பான்களில் இளகியும் போகும். நாங்கள் பயன்படுத்துவது ஈர்க்குச்சி. புது விளக்குமாற்றிலிருந்து உருவி, முனையைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பஞ்சு பற்றிக் கொள்ளும்.

சுற்றுவதற்கு ஒரு கை வாகு உண்டு. நீளமான இழை உள்ள பஞ்சை ஒரு சிட்டிகை கிள்ளி, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். குச்சி முனையை அதன் ஓரத்தில் வைத்து, பஞ்சைச் சுற்றாமல் குச்சியை உருட்ட வேண்டும். முனைக்கு அப்பால் கால் அங்குலம் பஞ்சு நீட்டிக் கொண்டிருக்க வேண்டும், குச்சி படத்தைத் தொடவே கூடாது. விளக்குத் திரி திரித்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மற்றவர்களுக்கு ஒரு வாரம். தேய்க்கவும் கூடாது. அழுக்கின் மேல் உருட்டிக் கொண்டு போய், அழுக்கான முகம் மேலே வந்ததும் தூக்கிப் போட வேண்டும். இந்தப் படத்துக்கு எத்தனை சுற்றினோம் என்று எண்ணவில்லை, நானூறுக்குக் குறையாது.

ஈரத்துக்கு என்ன? உலகெங்கும் பாதுகாப்பாளர்கள் வெளியில் ரொம்பச் சொல்லாத பதில் ஒன்று உண்டு: எச்சில். அதில் உள்ள அமிலேஸ் என்ற நொதி அழுக்கைப் பிடித்து வைக்கும் மாவுச் சத்தை உடைக்கிறது. போர்ச்சுகலில் பாவ்லா ரொமாவும் உடன் பணியாற்றிய இருவரும் இதை ஆராய்ந்து 1990இல் வெளியிட்டார்கள். சிரிக்கவைத்து யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் 2018இல் அதற்குத்தான் கிடைத்தது. இதற்கு முன்னோடியும் உண்டு. 1625இல் ரோமில் சிஸ்டைன் சேப்பல் ஓவியங்களைச் சிமோனே லாகி என்பவர் துடைத்தது துணியாலும் ரொட்டித் துண்டாலும்.

படம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த பாட்டியிடம் வாய் தவறி இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன்.

“எச்சிலா? சாமி மேலயா?” என்றார் பாட்டி.

“இல்லை பாட்டி, வெளிநாட்டில் அப்படிச் செய்வார்கள் என்று...”

“கண்ணப்பர் வாயில தண்ணி கொண்டுவந்து அபிஷேகம் பண்ணினார், சரி. நீ கண்ணப்பரா தம்பி?”

இல்லை. அது மட்டுமில்லாமல் எச்சில் பெரும்பாலும் தண்ணீர்தானே, கோந்து வண்ணத்துக்கு ஆகாது. முதலில் புகை எடுக்கும் ரப்பர் ஸ்பான்ஜைச் சிறு துண்டுகளாக வெட்டி உலர்வாக ஒற்றினோம். பிறகு ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. எண்ணெய்ப் புகை அதற்கே இறங்கி வந்தது. திரைச்சீலை கறுப்பு என்று நினைத்திருந்தோம். அரக்குச் சிவப்பு.

தங்கப் பெயின்ட்

பித்தளைத் தூள் பெயின்ட்டை நேராகக் கத்தியால் சுரண்டினால் அடியில் மிஞ்சியிருக்கும் ரேக்கும் வந்துவிடும். அசிட்டோனைப் பஞ்சில் தடவினால் பெயின்ட் இளகி நாலாபக்கமும் இழுபடும். எனவே மைஒற்றுத் தாளைப் பெயின்ட்டின் வடிவத்துக்கே வெட்டி, அசிட்டோனில் நனைத்து வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஒன்றிரண்டு நிமிடம். போர்ட்லாண்ட் ஜாடியை 1988இல் மறுபடி பிரித்தபோதும் இதே சரக்குதான். உள்ளும் புறமும் மைஒற்றுத் தாள் சுற்றி, கரைப்பான் ஆவியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பழைய பசை விட்டு, ஜாடி 189 துண்டாகப் பிரிந்தது. நமக்கு மூன்று நாளெல்லாம் இல்லை. இங்கே கற்களுக்கு அடியில் மினுக்கும் தாளும் அரக்கும் இருந்தன, ஆவி அங்கே போனால் கல் கழன்றுவிடும். தாளைக் கல்லைச் சுற்றி ஒரு நூலளவு விட்டு வெட்ட வேண்டியிருந்தது.

இளகிய பெயின்ட்டைத் தூக்க, உளி போலச் சீவிய மூங்கில். தங்கத்தைக் கீறாத அளவுக்கு மிருது, பெயின்ட்டை நெம்பும் அளவுக்கு உறுதி. முனை பத்துத் தூக்கலுக்கு ஒருமுறை மழுங்கும். சீவிக் கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு குவியல் சேர்ந்துவிடும். கல் ஓரங்களில் மட்டும் அறுவைக் கத்தி. மூன்றாம் எண் பிடியில் 15ஆம் எண் பிளேடு, தலையில் மாட்டும் பூதக் கண்ணாடி. பிளேட்டை ஏறக்குறையப் படுக்கவைத்து, வெட்டாமல் வருடுவது. பல் மருத்துவ நண்பர் ஒருவர் கொடுத்த மெழுகு செதுக்கும் லெக்ரான் கருவி பிற்பாடு விடுபட்ட இடத்தை நிரப்பும்போது நன்றாக உதவியது. பல் டாக்டர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பிரச்சினைதான், குறுகிய இடம், வெளிச்சம் போதாது, தப்பு செய்தால் திருப்பி வளராது.

என் தப்பு

கீழ் விளிம்பில் அப்பளமாக நின்ற பூச்சைச் சற்று சூடாக்கி, இளக்கிப் படியவைக்க வேண்டியிருந்தது. சூடு கட்டுப்படும் சின்ன இஸ்திரிக் கருவி இதற்கென்று உண்டு. என்னிடமிருந்தது பழுதாகிக் கிடந்தது. 25 வாட் சால்டரிங் அயர்னின் முனையில் செம்புத் தகடு ஒன்றைப் பொருத்தி, ஃபேன் ரெகுலேட்டர் வழியாக மின்சாரம் கொடுத்துப் பல வருடம் வேலை செய்தவன் நான், அதனால் துணிந்தேன். நாலு இடம் அழகாகப் படிந்தது. ஐந்தாவதில் மின்னழுத்தம் ஏறியிருக்க வேண்டும், வெண்ணெய்ப் பானையின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டருக்கு வண்ணம் பழுப்பேறிவிட்டது. நடுவே பிளாஸ்டிக் தாள் இருந்தும்.

அறிக்கையில் அதைப் படத்துடன் எழுதி, வீட்டாருக்கும் காட்டினேன். கருவியை நாமே செய்து கொள்ளலாம், அளவை நாமே செய்து கொள்ள முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ரெகுலேட்டரின் ‘மூன்று’ எத்தனை டிகிரி என்று நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. மறுநாள் சரியான கருவியை வரவழைக்கச் சொல்லிவிட்டு, அது வரும் வரை அந்த விளிம்பைத் தொடவில்லை. சால்டரிங் அயர்ன் மறுபடி ரேடியோ வேலைக்குப் போய்விட்டது.

41இல் 29

கடைசியில் பாட்டில். துண்டுகளை ஒரு தட்டில் பரப்பி, பின்பக்கத்தில் ஒட்டியிருந்த துணியின் இழைத் தடத்தையும் முன்பக்கத்துப் புள்ளி வரிசையையும் வைத்து இடம் தேடினோம். சாமணத்தால் பிடித்தால் மக்கு நொறுங்கும். லேசாக ஈரப்படுத்திய பிரஷ்ஷின் நுனியில் தொட்டால் துண்டு தானே ஒட்டிக் கொண்டு வரும், இடத்தில் வைத்ததும் விட்டுவிடும். கற்களுக்குக் கல் பதிக்கும் ஆசாரிகளின் வழி: குச்சி நுனியில் கரித்தூள் கலந்த தேன்மெழுகு உருண்டை. தொட்டால் தூக்கும், சாய்த்தால் விடும். மக்குத் துண்டுக்கு மட்டும் அதைக் கொண்டு போகக் கூடாது, மெழுகு கறை விடும்.

29 துண்டுகளுக்கு இடம் கிடைத்தது. நான்கு கற்களுக்கும். மீதி 12ஐ ஒரு தாள் உறையில் போட்டு, விவரம் எழுதிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டினேன். விடுபட்ட இடங்களைச் சுண்ணப் பொடியும் மெதில் செல்லுலோஸும் குழைத்து நிரப்பினோம். வீட்டில் புது ரேக்கு ஒட்டிப் பளபளவென்று தரச் சொன்னார்கள். மருமகளுக்கு அதில் ரொம்ப ஆசை. நான் மறுத்தேன். அப்ரகத் (மைக்கா) தூள் கலந்த வண்ணத்தைக் கோந்தில் குழைத்துத் தீட்டினால் இரண்டடி தள்ளிப் பார்க்கையில் உறுத்தாது, கிட்டே வந்தால் எது பழசு எது புதுசு என்று தெரியும். பாதி மனதோடு ஒப்புக் கொண்டார்கள்.

கண்ணாடியைப் படத்தைத் தொடாதபடி மரக் கீற்று வைத்து உயர்த்தினேன். பின்பலகையில் காற்றுக்கு வழி. விளக்குக்கு நேர் மேலே வேண்டாம், உள்சுவரில் மாட்டுங்கள் என்று சொல்லி ஏப்ரலில் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மழைக்காலம் கழித்து

டிசம்பரில் கும்பகோணம் போனேன். படம் உள்சுவரில்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் தட்டிப் பார்த்ததில் 23இல் 22 அடங்கிய சத்தம். தூண் ஓரத்து நகமளவு இடம் மட்டும் மறுபடி பொள்ளல். சிரிஞ்சும் பசையும் பையில் இருந்தன. ஷிம்பாரிச் சட்டம் இல்லை, அதைத் தூக்கிக் கொண்டு பஸ்ஸில் வர முடியாது.

பாட்டி யோசிக்கவே இல்லை. கூடத்துக் கட்டிலைக் காட்டினார். பலகைக் கட்டில், அடியில் ஓர் அடிக்கு மேல் இடம். படத்தை வெள்ளைத் துணியில் கிடத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். சிம்புக்கு, கொல்லையில் கிடந்த ஓட்டை முறத்திலிருந்து ஒன்றை உருவித் தந்தார். கனம் சரியாக இருந்தது. பசை செலுத்தி, கார்க்குக்குப் பதில் அழிப்பான் துண்டு வைத்து, சிம்பை வளைத்து நிறுத்தினேன். பிடிக்க ஓர் இரவாகும்.

சாமி கீழே இருக்கிறார் என்று அன்று ராத்திரி அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை.